பத்துக்கு எட்டு அறை

தஞ்சாவூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. கண்ணைக் கட்டியிருந்த அன்று டம்ளரை எடுக்கப் போய், அதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே காற்றைப் பிடித்தேன் என்று எழுதியிருந்தாயே, நானும் கமலாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே. உன் ஒற்றைக் கண்ணை நினைத்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

நான் படம் வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இப்போது நீ சிரிக்கலாம்.

தொடங்கி வைத்தவள் பேத்தி. நாம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அந்த ரூம் எப்படி இருக்கும் தாத்தா?" என்றாள். 1986-ல் நம்மிடம் ஏது கேமரா? சரி, வரைந்தே காட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு வருஷம் படுத்து எழுந்த அறை. கண்ணை மூடினால் பாசிப் பச்சைச் சுவர், மூட்டைப்பூச்சி, கீழே மெஸ்ஸிலிருந்து ஏறி வரும் ரச வாசனை எல்லாம் வருகிறது. பேப்பரில் வந்தது வேறு. கட்டில், சுவரில் ஆணி அடித்து மாட்டின மாதிரி நின்றது. ஃபேனைக் காட்டி, "இது பல்லியா தாத்தா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

கை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது பாதி உண்மை. மனசுக்குள் படம் இருக்கிறது என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். எனக்குள் இருந்தது ரச வாசனைதான். மேஜையின் பின்கால் தரையில் எந்த இடத்தில் ஊன்றுகிறது என்று கேட்டுப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

அதனால் பெட்டியில் ஆரம்பித்தேன். தீப்பெட்டியைக் காற்றில் வீசினால் எப்படியெல்லாம் திரும்புமோ அப்படி, எதையும் பார்க்காமல், தினம் ஐந்து. பென்சில் கிடையாது, பால்பாயிண்ட் பேனாதான். ரப்பர் பக்கத்தில் இருந்தால் நான் யோசிக்காமல் கிழிப்பேன், என் குணம் உனக்குத் தெரியும். வரைந்ததும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு விளிம்பையும் நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரே திசையில் போகும் நான்கு விளிம்புகளும் தண்டவாளம் மாதிரி போகப் போக நெருங்கி, தூரத்தில் ஒரே புள்ளியில் சேர வேண்டும். எனக்கு முதல் 100 பெட்டியும் பின்பக்கம் அகன்றுகொண்டே போயின. பேங்கில் அத்தனை வருஷம் டாலி ஆகாத கணக்கைத் துழாவியவனுக்கு இந்தச் சிவப்புக் கோடு பழகின வேலை. 250 தாண்டியபோது, பேனா தாளைத் தொடும் முன்பே தப்பு உறைக்க ஆரம்பித்தது.

அப்புறம் டம்ளர். அதன் வாய் வட்டம். கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் வெறும் கோடு. இறக்க இறக்கத் திறந்துகொள்ளும். அதனால் மேஜை மேல் இருக்கிற டம்ளரின் அடிப்பக்கம் வாயைவிட உருண்டையாக வளைய வேண்டும். நானோ அடியை நேர்கோடாகவே போட்டுக்கொண்டிருந்தேன். டம்ளர் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியுமே! படுத்துக் கிடக்கிற டம்ளர் இன்னும் மோசம். நீள்வட்டத்தின் குறுகலான அச்சு, டம்ளரின் நடு அச்சோடு ஒரே கோட்டில் விழ வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என் டம்ளர்களின் நசுங்கல் நின்றது.

உன் கண்ணுக்கு வருகிறேன். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிகிற மாதிரி வரைகிற இந்த பெர்ஸ்பெக்டிவே ஒற்றைக் கண் சமாச்சாரம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர், அங்கே கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் தீட்டி, அதில் ஓர் ஓட்டை போட்டார். பலகையின் முதுகுப்புறம் நின்று ஓட்டையில் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் தெரியும் படத்தைப் பார்க்க வேண்டும். நிஜ மண்டபத்தைப் பார்க்கிற மாதிரியே இருந்ததாம். ஒரு கண், ஒரே இடம், அசையக் கூடாது. போன மாதம் அதற்கு உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

யூடியூபில் கிம் ஜங் கி என்று ஒரு கொரியக்காரர். சுவர் அளவு வெள்ளைத் தாளில், பென்சில் குறிகூட இல்லாமல், ஒரு மூலையில் ஆரம்பித்து மோட்டார் சைக்கிள், மிருகம், ஜனக்கூட்டம் என்று மையிலேயே நிரப்பிக்கொண்டு போவார். பாவம், 2022 அக்டோபரில் பாரிஸில் இறந்துபோனார். 47 வயதுதான். அவருக்குத் தாளில் முன்பே படம் தெரிகிறது போல என்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். இப்போது கல்பனாஸ்வரம் மாதிரி என்று தோன்றுகிறது. மேடையில் அந்த நிமிஷம் பிறப்பதுதான். ஆனால் சரளி வரிசையில் தேய்ந்த தொண்டைக்குத்தான் அது பிறக்கும்.

எனக்கு இன்னும் சரளி வரிசைதான். இருந்தாலும் ஆசை விடவில்லை, நம் அறையை எடுத்துக்கொண்டேன். முதலில் கண் மட்டக் கோட்டை ஐந்தரை அடியில் போட்டேன். வீட்டுப் புரோக்கர் வாசலில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. நாம் அந்த அறையில் எங்கே நின்றோம்? எப்போதும் கட்டிலில்தானே. கோட்டை நாலடிக்கு இறக்கினேன். மேஜைப் பலகை ஒரு பட்டையாக ஒடுங்கியது, ஃபேன் தலைக்கு மேல் தொங்கியது, கொடியில் கிடந்த சட்டைகளை அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. அட, நம் அறை!

ஆனால் சுவரில் சாய்ந்துகொண்டு எட்டடி அகல அறையை முழுசாக வரைய முடியாது. பார்வை சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் ஓரத்துச் சாமான்கள் ரப்பர் மாதிரி இழுபடும். என் கட்டில் காலுக்கு யானைக்கால் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல், சாய்ந்திருந்த சுவரையே இடித்துவிட்டு, பத்தடி பின்னால் போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். மேன்ஷன் ஓனர் மன்னிக்கட்டும்.

ஃபேனுக்கு ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வட்டத்தை நீள்வட்டமாக்கிவிடலாம், அதில் மூன்று இறக்கையைச் சமமாக எப்படிப் பிரிப்பது? ஒரு இறக்கை நேராக உன் சுவரைப் பார்க்கிறது என்று வை. எதிர்ப்பக்கம், மையத்துக்கும் விளிம்புக்கும் சரிபாதியில் குறுக்கே ஒரு கோடு. அது வட்டத்தை வெட்டும் இரண்டு இடமும் மற்ற இரண்டு இறக்கைகளின் நுனி. அந்தச் சரிபாதியை அளந்து எடுக்கக் கூடாது. அந்தப் பாதி வட்டத்தைச் சுற்றிக் கட்டம் கட்டி, மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டுத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் தூரத்துப் பாதி சின்னதாகத் தெரியும். இது கிடைத்தபோது கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நிஜ ஃபேனைப் பார்த்து, தூசி தட்ட வேண்டும் என்றாள்.

அப்புறம் ஒன்று. என் கட்டில் இந்தச் சுவரோரம், உன்னுடையது எதிர்ச் சுவரோரம். உட்கார்ந்தால் இருவரும் ஒரே உயரம். மேஜை விளிம்பு, தரையின் சிமெண்ட் கோடு, பக்கச் சுவர்கள் கூரையைத் தொடும் கோடு எல்லாம் போய்ச் சேர்கிற புள்ளியைக் குறித்துவிட்டுப் பார்த்தால், அது சரியாக உன் மூஞ்சியில் விழுகிறது. ஆள் வரைய நான் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு நீ ஒரு சிவப்புப் புள்ளி.

இப்போது நீ எனக்கு உதவ வேண்டும். ஜன்னல் உன் தலைமாட்டில் இருந்ததா, கால்மாட்டிலா? இரண்டு மாதிரியும் நினைவு வருகிறது. என் பக்கத்துச் சுவருக்கு நான் எப்போதும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். அதில் என்ன மாட்டியிருந்தது என்பது உனக்குத்தான் தெரியும். உன் கட்டிலில் இருந்து தெரிந்த அறையை ஒரு தாளில் கிறுக்கி அனுப்பு. கோணல் பற்றிக் கவலை இல்லை. எது என் தலைக்கு மேலே, எது கீழே என்று மட்டும் குறித்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. கமலா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ரவி