தாத்தாவை ஐஸில் வைத்துக் காப்பாற்றியவருக்கு

சேலம் குகைப் பக்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தெருவுக்குள் வெள்ளம் புகுந்த அந்த ராத்திரி நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. தண்ணீர் எந்த வீட்டுத் திண்ணையோடு நின்றது, எந்த வீட்டுக்குள் ஏறியது என்பது தெருவுக்கே தெரியும். விடியற்காலையில் நான் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் பித்துப் பிடித்தவள் மாதிரி நின்றதையும் பாதிப்பேர் பார்த்தீர்கள். இன்றோடு பதினோரு நாள். பெட்டியில் நனைந்துபோன தாத்தாவின் நோட்டுகளில் முதல் கட்டு காய்ந்துவிட்டது, எழுத்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதல் நன்றி மீன்கடைத் தம்பிக்கு. "என் பேரையெல்லாம் போடாதீங்கக்கா" என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. நீலத் தகரம் போட்ட கடை என்றால் இங்கே யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில் இருந்தது என் தாத்தாவின் நாடக நோட்டுகள், பதினேழு. அவற்றோடு ஒரு கத்தை நாடக நோட்டீஸ். மஞ்சளும் ரோஸும் பச்சையுமாக, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான காகிதம். தண்ணீர் பட்டதும் ரோஸ் நோட்டீஸின் சாயம் பக்கத்திலிருந்த நோட்டுக்குள் இறங்கிவிட்டது. தாத்தா பாதி இடங்களில் காப்பியிங் பென்சிலால் எழுதியிருந்தார். ஈரம் பட்டால் ஊதாவாகப் பூக்குமே, அந்தப் பென்சில். என் கண்ணெதிரே வரிகள் பூத்துக்கொண்டிருந்தன.

சென்னையில் நூலக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவை என் மகள் போனில் பிடித்துக் கொடுத்தாள். அவர் சொன்னது எனக்கு முதலில் புரியவே இல்லை. ஊறிய காகிதம் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும், இவ்வளவையும் இரண்டு நாளில் உங்களால் காயவைக்க முடியாது, அதனால் ஃப்ரீசரில் வைத்து உறைய வையுங்கள் என்றார். உறைந்துவிட்டால் பூசணம் வளராதாம், மையும் மேற்கொண்டு ஓடாதாம். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்து நிதானமாகக் காயவைக்கலாமாம். வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார்.

என் வீட்டு ஃபிரிட்ஜே முழங்கால் தண்ணீரில் நின்றது. பெரிய கடை ஒன்றில் போய்க் கேட்டேன். தின்பண்டம் வைக்கிற இடத்தில் அழுக்குத் தண்ணீர் பட்ட காகிதத்தை வைக்க முடியாது என்றார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்வதற்குள் என்னை இரண்டு முறை படியிறங்கி நிற்கச் சொன்னார்கள். அதுதான் வலித்தது.

அப்புறம்தான் நீலத் தகரக் கடை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சைவம். இருபது வருஷமாக அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் நடப்பேன். தம்பி அதைப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் எப்படி இருப்பார், தினமும் இரண்டு வேளை அல்லவா.

"என்னக்கா அது?"

"எங்க தாத்தா நோட்டுங்க தம்பி. நாடகத்துல நடிச்சவரு. ஐஸ்ல வைக்கணுமாம்."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "எத்தனை நாளைக்கு?" என்றார்.

"தெரியலையே."

"சரி, குடுங்க."

இவ்வளவுதான் பேச்சு. கடையில் இருந்தவை இரண்டு ஃப்ரீசர்கள். ஒன்றிலிருந்த வஞ்சிரத்தையும் இறாலையும் தெர்மாகோல் பெட்டிகளுக்கு மாற்றிவிட்டு, உள்ளே துடைத்து, புது பிளாஸ்டிக் தாளை விரித்தார். நோட்டுகளைக் கட்டுக் கட்டாகக் கவரில் போட்டு அடுக்கியது நாங்கள் இருவரும்தான். அவர் கை என் கையைவிட மெதுவாக இருந்தது. மீனைத் தூக்கிப் பழகிய கை, வழுக்குவதைப் பிடிக்கத் தெரிந்த கை.

அன்றைக்கு என்ன நாள் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். புரட்டாசி முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. ஒரு மாசம் ஈயோட்டிய கடைக்கு மறுநாளைக்கு மறுநாள் ஞாயிறு. வருஷத்தில் அவருக்கு இருக்கிற பெரிய வியாபாரங்களில் அது ஒன்று. மேட்டூர் மீனும் கடல் மீனுமாக லோடு சொல்லி வைத்திருந்தார். அந்த ஞாயிறு ஒரு ஃப்ரீசர் முழுக்கத் தாத்தா படுத்திருந்தார். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். "அது கெடக்குதுங்கக்கா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை.

கடைப் பையன் தெரியாமல் எடுத்து வெளியே வைத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கவரின் மேலும் மார்க்கரால் 'தாத்தா' என்று எழுதி வைத்திருந்தார். தாத்தா 1, தாத்தா 2 என்று ஆறு வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் போய் எட்டிப் பார்த்து, "தாத்தா எப்படி இருக்காரு?" என்று கேட்டேன். "நல்லா வெறைச்சுட்டாருக்கா" என்றார் தம்பி. இறால் வாங்க வந்த ஒரு அம்மா வாங்காமலே போய்விட்டார். அந்த ஒரு கிலோ வியாபாரமும் என் கணக்கில்தான் சேரும்.

தாத்தா யார் என்று கேட்டவர்களுக்கு: பெரிய நடிகர் இல்லை. பத்து வயதில் ஒரு பாய்ஸ் கம்பெனியோடு, அதாவது சிறுவர்களே நடிக்கிற நாடகக் குழுவோடு, போனவர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து சபை தொடங்கிய அதே காலம். தாத்தா போனது அதுவல்ல, அவருடைய நாடகங்களை ஆடிய இன்னொரு சின்னக் கம்பெனி. விடியற்காலையில் எழுப்பிப் பாட்டுச் சாதகம், பகலெல்லாம் பாடம், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய ஆட்டம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் குந்தியிருக்கிறவனுக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும். தாத்தா ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம். வள்ளியாக ஆடினார், பவளக்கொடியாக ஆடினார். பதினாலு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்தது. ஆண்பிள்ளைக்குக் குரல் உடைகிற பருவம் அது. பாய்ஸ் கம்பெனிகளில் எத்தனையோ பிள்ளைகளின் பிழைப்பு அந்த ஒரு வருஷத்தில் முடிந்து போயிருக்கிறது. இப்போது காய்ந்து நிற்கிற நோட்டில் அதைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "தொண்டை ஏறவில்லை. மேனேஜர் பார்த்தார்." அடுத்த நாலு மாசத்துக்கு அவர் படுதாக் கயிறு இழுத்திருக்கிறார்.

பிறகு திரும்பி வந்த குரல் வேறு குரல். அதை வைத்துக்கொண்டு ஸ்பெஷல் நாடகங்களில் நாரதர் வேஷம் கட்டினார். ஸ்பெஷல் நாடகம் என்றால் கம்பெனி கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறெங்கோ. ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். வள்ளி திருமணத்தில் வருகிற தர்க்கம் முழுக்க அந்த நேரத்தில் பிறப்பது. எதிராளி எதைக் கேட்பான் என்று தெரியாது, பதில் இல்லாமல் நின்றால் ஊர் சிரிக்கும். தாத்தாவின் பதினேழு நோட்டுகளில் ஒன்பது அந்தத் தர்க்கத்துக்கான தயாரிப்பு. கேள்வி, அதற்குப் பதில், அந்தப் பதிலை மடக்க ஒரு கேள்வி, அதற்கும் ஒரு பதில். சில இடங்களில் ஓரத்தில் ஒரு குறிப்பு: "இதை இந்த ஊரில் கேட்டாயிற்று."

வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்காரனை விரட்டிப் பாடுவார்கள் என்பது நாடகம் பார்த்த தலைமுறைக்குத் தெரியும். நாடக நடிகர் விசுவநாததாஸ் அதற்காகவே பலமுறை சிறைக்குப் போனவர். தாத்தாவுக்கு அவ்வளவு தைரியம் இருந்ததாகத் தெரியவில்லை. அப்படிப்பட்ட ஒரு பாட்டின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, "இன்று வேண்டாம், முன்வரிசையில் போலீஸ்" என்று எழுதியிருக்கிறார். கோடு போட்ட பாட்டையும் கிழித்து எறியாமல் வைத்திருந்தாரே, அந்த மட்டும் எனக்குத் திருப்தி.

1933 டிசம்பரில் ஒரு பக்கம் முழுக்கக் காலி. தலைப்பில் மட்டும் "கிட்டப்பா போனார்" என்று இருக்கிறது. நாடக மேடையின் பெரிய பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா, அவருக்கு அப்போது 27 வயது. தாத்தாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

ரெண்டு வருஷம் கழித்து நம்ம ஊரிலேயே, ஏற்காடு அடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ வந்தது. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி.யு. சின்னப்பா இங்கேதான் 1940இல் உத்தமபுத்திரனில் இரட்டை வேஷம் போட்டார். தாத்தாவின் கூட்டாளிகள் சிலர் வாய்ப்புக் கேட்டுப் போயிருக்கிறார்கள். தாத்தா மலையேறுகிற ரோட்டில் அந்தக் கேட்டைப் பலமுறை தாண்டியிருக்கிறார், உள்ளே போகவில்லை. பாட்டி காரணம் சொல்வாள்: "மைக்குக்கு மெல்லப் பேசணுமாம். இந்த மனுசனுக்கு உப்பு கேட்டாலே பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும்." அடிவாரத்தில் ஸ்டுடியோவின் அந்த முகப்பு வளைவு மட்டும் பாக்கி நிற்கிறது. நான் ஏற்காடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஐந்து நாளைக்கு முன்னால் நான் பிரித்த நோட்டில் ஒரு வரி இருந்தது. தாத்தா கல்யாணமான புதிதில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார். "வீடு கேட்டேன். கூத்தாடிக்கு இல்லை என்றார். ராத்திரி முதல் வரிசையில் அவரேதான் உட்கார்ந்திருந்தார்." அவ்வளவுதான், மேலே திட்டு ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே அன்றைய செலவுக் கணக்கு, வெற்றிலை பாக்கு, வண்டி வாடகை.

அந்த ஈரத்தாளை ஒற்றுத் தாளுக்கு நடுவில் வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. என் முந்தானை நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் கடைக்குப் போய்த் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதற்கென்று புரியவில்லை. புரிந்தபோது, "மீன் நாத்தம்தானக்கா, எனக்கே சில நாளு புடிக்காது" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்க்கப் போய்விட்டார்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். பெட்டியைத் தூக்கி வந்த தறிக்கொட்டாய்ப் பிள்ளைகள் நாலு பேர். அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்ட அச்சகக்காரர். ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் மாற்ற வேண்டும், நாளைக்கு நாலு முறை மாற்ற வேண்டும் என்பதை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்ட எதிர்வீட்டு எட்டாம் வகுப்புக் குட்டி. கரண்ட் விட்டு விட்டுப் போன மூன்று நாளும் இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்து என் வீட்டுக்கு இரண்டு ஃபேன் ஓடவிட்ட மாடிவீட்டுக்காரர். காசு வாங்காத ஆட்டோத் தம்பி. மெஸ் அக்காவின் இட்லி. யார் வாங்கி வந்தார்கள் என்றே தெரியாமல் சாயங்காலம் சாயங்காலம் வந்து சேர்ந்த தட்டுவடை செட். போனில் பொறுமையாக வழிகாட்டிய சென்னை அம்மாவுக்கு ஒரு பெரிய கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் தெருவில் நிறுத்தித் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டு நோட்டு போய்விட்டது. ஊதா மட்டும்தான் இருக்கிறது, எழுத்து இல்லை. நோட்டீஸ்களில் பாதிக்கு மேல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, அவற்றைப் பிரிக்க நான் துணியவில்லை. மீதி உள்ளதைக் காய்ந்தவுடன் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கப் போகிறேன். நாற்பது வருஷமாக "அடுத்த லீவுக்கு" என்று தள்ளிப் போட்ட வேலை. ஓய்வு பெற்று நாலு வருஷமாக எனக்கு எல்லா நாளும் லீவுதான், அதனால் இனி சாக்கு இல்லை.

காய்ந்த கட்டில் லேசாக மீன் வாசம் இருக்கிறது. மகள் கற்பூரம் வைக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

தம்பி, தாத்தா 4, 5, 6 இன்னும் உங்களிடம்தான் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நாலையும் ஐந்தையும் எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்குள் ஆறையும். தீபாவளிக்கு உங்களுக்கு அந்த இடம் வேண்டும்.

குகை, சேலம்.