முட்டையோடு முடிவதல்ல அங்கன்வாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

அங்கன்வாடி என்றாலே சத்துமாவும் முட்டையும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தாய்மார்களுக்கான ஆலோசனை, முன்பருவக் கல்வி எல்லாமே அதில் சேர்ந்துதான் இருந்தன. எங்கள் பகுதியில் ஆலோசனை என்பது எடை பார்த்து, நோட்டில் குறித்து, மாவுப் பாக்கெட்டைக் கையில் கொடுப்பதோடு சரி. பணியாளரைக் குறை சொல்லவில்லை, பாவம், சமையலைக் கவனிப்பதா, பிள்ளைகளைப் பார்ப்பதா, செல்போனில் விவரம் ஏற்றுவதா?

முதல் ஆயிரம் நாட்கள்தான் மூளை வளர்ச்சிக்கு முக்கியம் என்று போஸ்டர் ஒட்டுகிறோம். அந்த நாட்களில் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, பால் கட்டினால் என்ன செய்வது, தூக்கமே இல்லாமல் அழுகை அழுகையாக வந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் பாட்டிமார் இருந்தார்கள் (அவர்கள் சொன்னதெல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன், பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன் தொட்டுச் சேனை வைக்கிற பழக்கம் உட்பட). இப்போது வாடகை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும்.

தமிழக அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு, தனியார் நிறுவனங்களில் சட்டப்படி 26 வாரம். பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறவருக்கு?

வாரம் ஒரு மதியம் அங்கன்வாடியிலேயே புதுத் தாய்மார்கள் கூடட்டும், கிராம சுகாதார செவிலியர் வரட்டும். அப்புறம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அப்பாக்களையும் கூப்பிடுங்கள்.

– ஒரு வாசகர், திருப்பூர்