இருக்கும் மதிப்பெண்ணை ஏன் மறைக்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர், 'எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் கட்டாயமில்லை' என்று பார்த்ததுமே, மொத்தம் 1600-இல் 1500-க்குக் கீழே என்றால் அனுப்பவே கூடாது என முடிவு கட்டிவிடுகிறார்கள். இது வருத்தம் தருகிறது.

2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரி இத்தேர்வை மறுபடியும் கட்டாயமாக்கியது. வசதி குறைந்த மாணவர்கள் சிலர், தங்களுக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே அனுப்பாமல் விட்டிருந்ததை அதன் பேராசிரியர்களின் ஆய்வு காட்டியிருந்தது. அங்கே மதிப்பெண்ணை, மாணவர் படித்த பள்ளியின் சூழலோடு சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள்.

என் அக்கா மகள் சிறு நகரப் பள்ளியில் படித்து, பயிற்சி வகுப்பு எதுவுமின்றி 1430 எடுத்தாள். விண்ணப்பத்தில், மதிப்பெண்ணைப் பரிசீலிக்கலாமா என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று குறித்து வைத்திருந்தாள். மாற்றச் சொன்னேன்.

சேர்ந்தவர்களில் மேல் கால்வாசியையும் கீழ்க் கால்வாசியையும் விட்டு, நடுப் பாதியினரின் மதிப்பெண் வரம்பைப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. குறைவாக எடுத்தவர்கள் அனுப்பாததால் அந்த எண்களே சற்று உயர்ந்து நிற்கின்றன. எனவே வரம்பின் கீழ்முனையை ஒட்டி இருந்தாலே அனுப்பலாம் என்பது என் உறுதியான கருத்து. வெகுவாகக் குறைந்தால் விட்டுவிடலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு இம்மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அங்கே இந்தக் குழப்பமே வேண்டாம்.

பல கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1 கடைசி நாள். அதற்குள் தங்கள் கல்விப் பக்கத்தில் இதை விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி