குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் தூர்வாருதல் தொடர்பாக மாநகராட்சிக்கு மனுக்கள் கொடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம்மை அதிகம் யோசிக்க வைத்தது, பொதுத் தொட்டித் தண்ணீரை எப்போது திறப்பது என்ற கருத்துக்கணிப்புதான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்கெடுப்பில், காலை 9 மணிக்குத் திறக்கலாம் என்பதற்கே பெரும் ஆதரவு கிடைத்தது. "இத்தனை பேர் சொல்லியாச்சே, இன்னும் என்ன யோசனை?" என்று சிலர் கேட்டார்கள். ஆனால் பதில் சொன்னவர்களை வீட்டுப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், அநேகமாக எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள். மாடியில் வாடகைக்கு இருப்போரும், விடியுமுன் ஷிப்டுக்குக் கிளம்புவோரும் அந்தக் குழுவிலேயே இல்லை. 9 மணித் தண்ணீரால் அல்லாடப்போவது அவர்கள்தான்.

பதில்கள் குவிந்துவிட்டால் மட்டும் கணிப்பு சரியாகிவிடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் எடுத்தவை. அந்தப் பொருளாதார மந்தத்தில் அவை வசதியுள்ளோர் பட்டியல். சீட்டைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்களிலும் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்களே அதிகம். அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் அதைவிட மிகச் சிலரிடம், ஆனால் பலதரப்பட்டவர்களிடம் கேட்டு, வெல்பவரைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே வாட்ஸ்அப் வாக்கெடுப்பை முடிவாக ஏற்பதில்லை எனச் செயற்குழு தீர்மானித்தது. கதவு எண் வரிசையில் எல்லா வீடுகளையும் எழுதி, முதல் பத்தில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது வீட்டுக்கும் தொண்டர்கள் போனார்கள். பூட்டிக் கிடந்த ஒரு மாடி வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு எழுதலாமா என்றார் ஒரு தம்பி. கூடாது என்றோம், பகலில் இருப்பவர்களின் கருத்துதான் ஏற்கெனவே வந்துவிட்டதே. இரவு போய்க் கேட்டபோது அந்தத் தம்பதி, "5.30-க்குத் திறந்தா சமைச்சு வச்சிட்டுக் கிளம்பிடுவோம்" என்றனர். வாடகை வீடுகளின் பங்கு பதிவேட்டோடு ஒத்துப்போவதைச் சரிபார்த்த பிறகே பதில்களை எண்ணினோம். விடியற்காலைதான் முன்னே நின்றது. இப்போது அந்த நேரத்தில்தான் தண்ணீர் திறக்கப்படுகிறது.

வாடகைதாரர் மாறினால் உரிமையாளர்கள் அந்த மாதமே பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்