நிலாவில் சுரங்கம்: லக்சம்பர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நிலாவில் கனிமம் எடுக்கும் ஆராய்ச்சியில் சேரலாமா என்று கேட்டு நீ எழுதியதை நானும் அப்பாவும் படித்தோம். "அவள் விருப்பம்" என்று அவர் முடித்துக்கொண்டார். இத்தனை காலம் வேதியியல் நடத்திய எனக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

அணு இணைவுக்கு எரிபொருளாகும் என்று சொல்லப்படும் ஹீலியம்-3 வாயுவை எடுத்துக் கோடீசுவரர் ஆகலாம் என்ற பேச்சை நம்பி மட்டும் போகாதே. நிலா மண்ணில் அது மிக மிகச் சொற்பம். ஒரு கிலோ சேர்க்க ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மண்ணைத் தோண்டிச் சூடாக்க வேண்டும். அதன் அணுக்களை இணைத்து மின்சாரம் தரும் இணைவு உலையும் இன்னும் எங்கும் வரவில்லை.

தண்ணீரின் கதை வேறு. சந்திரயான்-1 காட்டிய நீர்த்தடத்தைத் தொடர்ந்து, 2009 அக்டோபரில் நாசாவின் எல்கிராஸ் திட்டம் தென்துருவத்துக்கு அருகே வெயிலே படாத கேபியஸ் பள்ளத்தில் மோதிக் கிளப்பிய புழுதியிலும் நீர் இருந்தது. அந்தப் பனியை உருக்கி, மின்சாரம் செலுத்திப் பிரித்தால் மூச்சுக்கு ஆக்சிஜனும், அதனுடன் சேர்த்து எரிக்க ஹைட்ரஜனும் கிடைக்கும். பூமியின் ஈர்ப்பை விட்டு விலக நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும், நிலாவிலிருந்து 2.4 கி.மீ. போதும் என்பதால், தொலைதூரக் கலங்களுக்கு அங்கேயே எரிபொருள் நிரப்புவது உண்மையான ஆதாயம்தான். ஆனால் அந்தப் பனி கோடிக்கணக்கான ஆண்டுகளின் பதிவேடும்கூட. ஆராய்வதற்கு முன்பே உருக்கிவிட்டால் பிறகு படிக்க ஒன்றும் மிஞ்சாது.

நிலாப் புழுதியையும் சாதாரணமாக எண்ணாதே. சந்திரயான்-2 சோதனைகளுக்காக இஸ்ரோ நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையை அரைத்துத்தான் நிலா மண்ணைப் போன்ற மண் செய்தது என்பது நமக்கெல்லாம் பெருமை. கிரஷர் ஓடும் ஊரில் முருங்கை இலையைக் கழுவக் கழுவ வெள்ளையாக நீர் வடிவதை நீயே பார்த்திருக்கிறாய். இங்கே ஒரு மழை பெய்தால் அடங்கிவிடும். காற்றும் நீரும் இல்லாத நிலாவில் துகளின் கூர்முனை மழுங்குவதே இல்லை. 1972இல் அப்பல்லோ 17இல் சென்ற புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு, உடையில் ஒட்டி உள்ளே வந்த அந்தத் தூசியால் மூக்கடைத்துக்கொண்டது. மனிதரையே படுத்தும் தூசி, நாள் முழுதும் தோண்டும் இயந்திரத்தின் மூட்டுகளை விட்டுவைக்குமா?

எனக்கு அதிகம் உறுத்துவது உரிமை விவகாரம். 1967 விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலாவைச் சொந்தம் கொண்டாட முடியாது. தோண்டியெடுத்த பொருள் மட்டும் எடுத்தவருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015லும், நீ இருக்கும் லக்சம்பர்க் 2017லும் சட்டம் இயற்றின. நிலா வளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்ற 1979 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் அதை உறுதிசெய்யாத இந்தியா, 2023 ஜூனில் நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டது. ஒருவர் வேலை செய்யும் இடத்தைச் சுற்றி அதில் வரும் 'பாதுகாப்பு வளையம்' பிறர் இடையூறு செய்யாமலிருக்கத்தான் என்கிறார்கள். பனியுள்ள பள்ளங்களும் அவற்றை ஒட்டி நெடுநேரம் வெயில் விழும் மேடுகளும் சிலவே என்னும்போது, முதலில் வளையம் போட்டவருக்கு அது வேலி ஆகாது என்று யார் உறுதி தருவது? 2020இல் நாசா ஒரு நிறுவனத்திடம் ஒரே ஒரு டாலருக்கு நிலா மண் வாங்க ஒப்பந்தம் போட்டதும் மண்ணுக்காக அன்று, இப்படி விற்கலாம் என்ற வழக்கத்தை உண்டாக்கத்தான்.

உன்னைச் சேராதே என்று நான் சொல்லவில்லை. பனியை எடுக்கும் தொழில்நுட்பம் என்றால் தாராளமாகச் சேர். கையெழுத்திடுமுன் இரண்டைக் கேட்டுக்கொள்: ஆய்வுக்கென்று எந்தப் பள்ளங்களைத் தொடாமல் விடப்போகிறார்கள்? வேலை முடிந்தபின் பழுதான இயந்திரங்களை யார் பொறுப்பில் விட்டுவருவார்கள்? அவர்கள் சொன்ன பதிலை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா