ஒரே ஜோடி ஸ்பீக்கர நம்பி மிக்ஸ் பண்ணாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வீட்லயே ஸ்டூடியோ போடுறது பத்தி நம்ம பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன் சார், நல்லா இருந்துச்சு, ஆனா நல்ல மானிட்டர், அதாவது ஸ்டூடியோ ஸ்பீக்கர், ஒரு ஜோடி வாங்கிட்டா போதும்னு முடிச்சுட்டாங்க, அது எனக்கு மனசு ஒப்பல. நான் வியாசர்பாடில பத்துக்குப் பத்தடி ரூம்ல கானா பாட்டு மிக்ஸ் பண்றவன், அதாவது குரலயும் தாளத்தயும் அளவு பாத்து ஒண்ணா சேக்குறவன், எங்க ஏரியா பசங்க பாதிப் பேரு இந்த மாதிரி ரூம்ல தான் வேல செய்றாங்க.

போன வருஷம் ஒரு தம்பிக்கு பாட்டு முடிச்சுக் குடுத்தேன். ரூம்ல கேட்டா பேஸ், அதாவது டம்முனு வர்ற அடி சத்தம், கம்மியா இருந்துச்சு, ஏத்திட்டே போனேன். தம்பி அத தண்டையார்பேட்டை போற ஷேர் ஆட்டோல போட்டுட்டு அங்கருந்தே போன் பண்ணான், "அண்ணே, என் குரல் எங்கண்ணே? டம்மு டம்முனு தான் கேக்குது"ன்னான். அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

காரணம் அப்புறம் தான் புரிஞ்சுது. பத்தடி ரூம்ல 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற பேஸ் சத்தம் ரெண்டு சுவத்துக்கும் நடுவுல மோதி நிக்கும், நட்ட நடுவுல உக்காந்தா அந்த பேஸ் காதுக்கே வராது, சுவத்தோரம் போனா பொங்கும். அதே ரூம்ல எவ்ளோ விலைக்கு ஸ்பீக்கர் வாங்கி வெச்சாலும் இது போகாது சார். அதனால தான் ரெண்டாவதா பேஸே பெருசா இல்லாத ஒரு சின்ன ஸ்பீக்கர் வேணும்ங்கிறேன், அது ரூம கெளப்பாது, குரலும் சட்டித் தாளமும் இருக்கிற மிட் பகுதிய மட்டும் ஒளிக்காம காட்டும். யமஹா என்எஸ்-10 அப்பிடித் தான் ஸ்டூடியோக்குள்ள வந்துச்சு, 1978ல வீட்டு ஸ்பீக்கரா வந்தது, கேக்க சுகமா இருக்காது, ஆனா அதுல நல்லா கேட்டா வெளியவும் நல்லா கேக்கும்னு உலகம் பூரா வெச்சிருந்தாங்க, 2001ல தயாரிப்ப நிறுத்துன பிறகும் பழசத் தேடி வாங்குறாங்க.

இப்ப நான் பெரிய ஜோடி, ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன், மூணையும் மாத்தி மாத்தி கேக்குறேன். மூணையும் ஒரே அளவு சத்தத்துல வெச்சுக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா எது சத்தமா இருக்கோ அது தான் நல்லாருக்குன்னு காது ஏமாந்துடும். அந்த ஒத்த ஸ்பீக்கர்ல மோனோவா, அதாவது இடது வலது ரெண்டையும் ஒண்ணா சேத்து, கேக்குறப்ப தான் ஒரு நாள், ரெண்டு பக்கமும் விரிச்சு வெச்சிருந்த டோலக் பாதி காணாமப் போனது தெரிஞ்சுது, ரெண்டு ட்ராக்கும் ஒண்ண ஒண்ணு தின்னுடுச்சு. ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப தெருவுல கட்ற கூம்பு ஸ்பீக்கர்ல ஓடுறது மோனோ தானே சார், எங்க பாட்ட ஜனங்க கேக்குறது அதுல தான்.

ரூம் சுவத்துக்கு என்ன பண்ணணும், கம்மி காசுல ரெண்டாவது ஸ்பீக்கர எப்பிடித் தேர்ந்தெடுக்கணும்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க சார், இங்க நெறைய பசங்க கடன் வாங்கித் தான் மானிட்டர் எடுக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன், வியாசர்பாடி