ப்ளூஸ் அல்பம் செய்யும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீர் அனுப்பிய பதிவைக் கேட்டேன். ப்ளூஸில் ஜாஸ், சோல் என்ற இரண்டு இசைகளையும் கலந்து அல்பம் செய்யப்போகிறீர். முதலில் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் கீழே உள்ளது சாதாரணம், அரைச் சுரம் மேலே உள்ளது அந்தரம்.

ப்ளூஸ்காரர் மைனர் பென்டடோனிக் என்று வாசிப்பது ஸ, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம். நம்முடைய சுத்த தன்யாசி ராகம்தான். கொழும்பு வெள்ளவத்தையில் வயலின் வகுப்புக்குப் போய்வந்த உம்முடைய கைக்கு இது சுகமான வழி, வழுக்குவதும் இங்கேதான். தம்புரா ஸ-ப மட்டும் தரும். ப்ளூஸில் கீழே ஒலிக்கும் 7 கோர்டுக்குள்ளோ (ஸ, க, ப, நி சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அந்தர காந்தாரம் இருக்கிறது. மேலே சாதாரணம், கீழே அந்தரம்; இந்த உரசலில்தான் ப்ளூஸ் பிறக்கிறது. ஆகவே சாதாரணத்தில் பிடித்து, கிற்றார்த் தந்தியைக் கொஞ்சம் தள்ளி, அந்தரத்தைத் தொடுமுன் நிறுத்தும். ஆட்ட வேண்டாம், ஆட்டினால் கமகமாகிவிடும். கோர்ட் மத்திமத்தை அடியாகக் கொண்ட 7 கோர்டுக்கு மாறும்போது தள்ளவும் வேண்டாம். அந்தக் கோர்டின் ஏழாம் சுரமே உம்முடைய சாதாரண காந்தாரம், அது அங்கே வீட்டில் இருக்கிறது.

ஜாஸ் வேண்டுமென்று ஒவ்வொரு பாரிலும் (நாலு அடி கொண்ட ஒரு தாளக் கட்டம்) கோர்ட் திணிக்காதேயும். பி-ஃப்ளாட்டில் 12 பார் வாசித்தால், 6ஆவது பாரில் ஈ டிமினிஷ்ட், 8இல் ஜி 7, 9இல் சி மைனர் 7, 10இல் எஃப் 7 போதும். கீபோர்ட் இருந்தால் கிற்றாரில் கோர்டின் மூன்றாம், ஏழாம் சுரங்களை மட்டும் பிடியும். பி-ஃப்ளாட் 7க்கு டி, ஏ-ஃப்ளாட்; ஈ-ஃப்ளாட் 7க்குப் போக இரண்டு விரலும் ஒவ்வொரு ஃப்ரெட் இறங்கினால் சரி. ஆறு தந்தியையும் அடித்தால் கீபோர்டும் கிற்றாரும் ஒரே இடத்தில் மோதிச் சேறாகும்.

1969இல் ப்ளூஸ் கிற்றார்க்காரர் பி.பி. கிங் பதிவுசெய்த ‘தி த்ரில் இஸ் கோன்’ கேளும். பி மைனர். 9ஆவது பாரில் ஜி மேஜர் 7, அடுத்ததில் எஃப்-ஷார்ப் 7. நிறம் மாறுவது அந்த இரண்டு பாரில்தான், மற்றதெல்லாம் எளிமை. சோல் பக்கத்துக்கு ஆல்பர்ட் கிங்கின் ‘போர்ன் அண்டர் எ பேட் சைன்’, 1967இல் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அல்பம்: பின்னால் ஸ்டாக்ஸின் சொந்த வாத்தியக் குழுவான புக்கர் டி அன்ட் தி எம்.ஜி.ஸ், ஊதுவாத்தியத்துக்கு மெம்பிஸ் ஹார்ன்ஸ். முழு சோல் குழுவின் மேல் ஒரு ப்ளூஸ் கிற்றார். அதன் தலைப்புப் பாட்டில் பாஸ் அடிக்கொரு சுரமாக ஏறி இறங்கி நடப்பதில்லை, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடக்கும் பாஸா, திரும்பும் பாஸா என்று பாட்டுக்குப் பாட்டு முதலே முடிவெடும். பாதியில் மாற்றினால் ட்ரம்ஸ் தடுமாறும்.

ட்ரம்பெட், சாக்ஸ் வருகிறதென்றால் ஈ சுருதியை மறந்துவிடும். கிற்றாருக்கு அது லேசு. ட்ரம்பெட்காரருக்கோ தாளில் ஆறு ஷார்ப், ஆல்டோ சாக்ஸுக்கு ஏழு. பி-ஃப்ளாட், எஃப், சி என்றால் அவர்கள் நன்றி சொல்வார்கள். பாட்டு வரி நாலு பாரில் இரண்டையே எடுக்கும். மிச்சம் பதிலுக்கு. அந்தப் பதிலைக் கிற்றாரோ ஊதுவாத்தியமோ ஒன்றுதான் சொல்லலாம்.

கணினியில் ட்ரம்ஸ் போட்டால், மெதுவான ஷஃபிளுக்கு (நொண்டி நடைத் தாளம்) 66 சதவீத ஸ்விங் பொருந்தும், அதாவது அடியின் இரண்டாம் தட்டு மூன்றில் இரண்டு பங்கு தாண்டி விழும். வேகம் கூடக்கூடக் குறைத்துக்கொண்டு வாரும். சோல் பாட்டில் 2, 4ஆம் அடிகளில் விழும் ஸ்நேர் ட்ரம்மை மட்டும் 10 மில்லிசெக்கன் அளவு பிந்தவிட்டுப் பாரும். காலால் அடிக்கும் கிக் ட்ரம்மையும் சேர்த்து நகர்த்தினால் பாட்டு சோம்பலாகும், வேறொன்றுமில்லை.

கடற்கரைப் பக்கம் பதிவுசெய்கிறீர் என்பதால் இன்னொன்று. உப்புக்காற்று தந்தியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். பூச்சுள்ள தந்தி போட்டு, வாசித்தபின் துடையும். கிற்றாரின் சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் ஒற்றைச் சுருள்) இரைந்தால் டிம்மர் (வெளிச்சம் குறைக்கும் சுவிட்ச்) விளக்கை அணைத்து, இரைச்சல் குறையும் திசைக்குக் கிற்றாரோடு திரும்பி இரும். ரயில் சத்தம் பதிவில் விழாதபடி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை கிற்றார் இல்லாமல், பாஸும் ட்ரம்ஸும் மட்டும் அனுப்பும்.

அன்புடன்,
அண்ணன்